மருந்துக்கடை பில்லிங் மென்பொருள்: டெஸ்டிங் ஸ்ட்ராட்டஜி எப்படி எழுதுவது?

பில்கவுன்ட்டர்:

வணக்கம் மக்களே. மருந்துக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை. டெவலப்பர்கள் நாலு பேர், டெஸ்டிங்குக்கு நான் மட்டும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்த எக்செல் ஷீட்டில் 600 சொச்சம் டெஸ்ட் கேஸ் (இதைச் செய்தால் இது வர வேண்டும் என்ற சோதனை வரிகள்) இருக்கிறது, ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதை மேலிருந்து கீழ்வரை ஓட்டச் சொல்கிறார்கள், முடிப்பதற்குள் அடுத்த ரிலீஸ் வந்து நிற்கிறது. இவ்வளவு ஓட்டியும் கடைக்காரர்களின் புகார் மட்டும் குறையவே இல்லை. இப்போது மேனேஜர் "ஸ்ட்ராட்டஜி டாக்குமென்ட் எழுது, கவரேஜ் 80 சதவீதம் என்று போட்டுவிடு" என்கிறார் (கவரேஜ் என்றால் டெஸ்ட் ஓடும்போது கோடில் எத்தனை சதவீத வரிகள் ஓடின என்ற கணக்கு). நெட்டில் கிடைக்கும் டெம்ப்ளேட்டெல்லாம் நாற்பது பக்கம் ஓடுகிறது, படித்து முடித்தால் ஒன்றும் தேறவில்லை. உருப்படியாக எங்கிருந்து ஆரம்பிப்பது? பேசாமல் எல்லாவற்றையும் ஆட்டோமேஷன் பண்ணி, டெஸ்ட்களைத் தானாக ஓட விட்டுவிடலாமா?

டெஸ்டர்_அக்கா:

தம்பி, டாக்குமென்ட் கிடக்கட்டும், முதலில் அந்தப் புகார்களை எடுத்து வைத்து உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த இடத்தில் உடைந்தது, கடைக்காரருக்கு என்ன போனது (பணமா, சட்டச் சிக்கலா, வெறும் எரிச்சலா) என்று மட்டும் எழுதுங்கள். புகார் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது, நாலைந்து இடத்தில் குவிந்து கிடக்கும். உங்கள் 600 கேஸ் எங்கே குவிந்திருக்கிறது என்றும் பாருங்கள். லாகின் திரைக்கு நாற்பது கேஸும் ரிட்டர்ன் பில்லுக்கு மூன்று கேஸும் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மருந்துக்கடை என்றதும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 15 மாத்திரை அட்டை, எம்ஆர்பி 47.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரை 3.1666..., மென்பொருள் அதை 3.17 என்று முழுமையாக்கிவிட்டு, ஒருவர் பதினைந்தையும் லூஸாக வாங்கினால் பில் 47.55 வரும். ஐந்து பைசாதானே என்று விட முடியாது, எம்ஆர்பிக்கு மேல் விற்றதாகிவிடும். காலாவதி தேதியும் அப்படித்தான். அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும். ஜூன் 30 அன்று பில் போடவிட வேண்டும், ஜூலை 1 அன்று தடுக்க வேண்டும். இந்த இரண்டு நாளையும் சோதித்தால் போதும், நடுவில் இருபது தேதி போட்டுப் பார்ப்பதில் புதிதாக ஒன்றும் தெரியாது.

அப்புறம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியதே, 20ஆம் தேதி வாங்கிய மருந்தை 25ஆம் தேதி திருப்பிக் கொடுத்தால் கிரெடிட் நோட் (திருப்பியதற்குக் கொடுக்கும் வரவுச் சீட்டு) பழைய 12இல்தான் போக வேண்டும். அன்றைய விகிதத்தை எடுத்துப் போடும் மென்பொருள் எத்தனை இருக்கிறதோ!

எதை இந்த ரிலீஸில் சோதிக்கப் போவதில்லை, ஏன் என்று இரண்டு பத்தி எழுதுங்கள். ஸ்ட்ராட்டஜி என்பதில் பாதி அதுதான்.

கோட்_காப்பி_பேஸ்ட்:

டெவலப்பர் பக்கத்திலிருந்து. எல்லாவற்றையும் ஆட்டோமேஷன் என்று இறங்காதீர்கள், அதுவும் திரை வழியாக. மேலே அக்கா சொன்ன விலை, வரி, தேதிக் கணக்கெல்லாம் திரையைத் திறக்காமலே ஃபங்ஷன் அளவில் (அந்தக் கணக்கைப் போடும் கோட் துண்டை மட்டும் தனியாக ஓட்டி) சோதிக்க வேண்டியவை, நூற்றுக்கணக்கில் இருந்தாலும் சில விநாடியில் ஓடிவிடும், அதை எழுத வேண்டியது உங்கள் நாலு டெவலப்பர்கள், நீங்கள் இல்லை. பில் போடுவது, ரிட்டர்ன், ஸ்டாக் ஏற்றுவது மாதிரி நாலைந்து முக்கியமான வழிகளை மட்டும் திரையில் ஓட்டுங்கள். திரை டெஸ்ட் கூடக் கூட, ஒரு நாள் பாஸ் ஒரு நாள் ஃபெயில் என்று காரணமில்லாமல் ஆட ஆரம்பிக்கும். தங்கள் டெஸ்ட்களில் கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் இந்த ஆட்டம் ஓரளவு இருக்கிறது என்று கூகிளே 2016இல் எழுதியது. சிவப்பு வந்தால் "திரும்ப ஓட்டு" என்று டீம் பழகிவிட்டால் நிஜ பக்கும் அதிலேயே தப்பித்துவிடும்.

80 சதவீதம் பற்றி: அந்த வரி ஓடியது என்றுதான் கவரேஜ் சொல்லும், விடை சரியா என்று யாராவது பார்த்தார்களா என்று சொல்லாது. விடையைச் சரிபார்க்கும் வரி (அசெர்ட்) ஒன்றுகூட இல்லாமல் 80 எடுத்துக் காட்டலாம், பார்த்திருக்கிறேன். சந்தேகமிருந்தால் கோடில் கூட்டலைக் கழித்தலாக மாற்றி டெஸ்ட் கத்துகிறதா பாருங்கள். ஜாவாவுக்கு பிட் (PIT), ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர் (Stryker) என்ற கருவிகள் இதைத் தானாகவே செய்யும்.

நெல்லைஅல்வா:

இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் 600ஐயும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதில் பழைய புகாரிலிருந்து வந்த கேஸ்கள் இருக்கும், அவை தங்கம். மற்றவை பெரும்பாலும் கலவைகளாக இருக்கும்: பணம் கட்டும் முறை, தள்ளுபடி, வாடிக்கையாளர் வகை என்று. ஐந்து விஷயம், ஒவ்வொன்றிலும் நாலு வகை என்றால் 1024 கலவை. வெவ்வேறு விஷயங்களிலிருந்து எந்த இரண்டு வகையை எடுத்தாலும் அவை ஒரு தடவையாவது சேர்ந்து வந்தால் போதும் என்று வைத்தால் 16 வரிசையில் அடங்கிவிடும். இந்த வரிசைகளைப் போட்டுத் தரும் மைக்ரோசாஃப்டின் பிக்ட் (PICT) கருவி இலவசம், அது கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், பரவாயில்லை.

யாரும் சொல்லாத ஒன்று, இன்ஸ்டலேஷன். 2012இல் நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வரில் ஏழில் மட்டும் புது கோடை ஏற்றியது, எட்டாவதில் பழைய கோட் விழித்துக்கொண்டு 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போனது. உங்கள் மென்பொருள் ஒவ்வொரு கடையிலும் தனித்தனி கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்றால், இரண்டு வெர்ஷன் பழைய டேட்டாபேஸிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவுவதைச் சோதித்தீர்களா?

பில்கவுன்ட்டர்:

நன்றி அனைவருக்கும். புகார்களைப் பிரித்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் ரிட்டர்னும் லூஸ் விற்பனையும்தான். அப்கிரேடுக்கு ஷீட்டில் ஒரு கேஸ்கூட இல்லை. ஆனால் மேனேஜர் 80ஐ விடமாட்டேன் என்கிறார், என்ன செய்ய?

டெஸ்டர்_அக்கா:

விட வேண்டாம், விலை, வரி கணக்கிடும் ஃபோல்டருக்கு மட்டும் 80 என்ன, 95 என்றே போடுங்கள், மற்ற இடத்துக்கு எண்ணே வேண்டாம். கூடவே சோதிக்காமல் விடும் பட்டியலை அவரிடம் காட்டி, அதில் எது உடைந்தால் பரவாயில்லை என்று அவரையே டிக் போடச் சொல்லுங்கள். ரிட்டர்ன் பில்லில் டிக் போட மாட்டார், பாருங்கள்.