கொல்லை மஞ்சள் பழுக்குது: முத்தினதா, அழுகலா?

மன்னார்குடி மருமகள்:
போன பொங்கலுக்குப் பானையில கட்டின மஞ்சக்கொத்து ரெண்டை இலை நறுக்கிட்டு, மணல் சட்டியில போட்டு பரண்ல வெச்சிருந்தேன். வைகாசி நடுவுல கொல்லையில நட்டேன், 14 குத்து. புரட்டாசியில இடுப்பு உயரம். பாக்குறவங்க எல்லாம் கண்ணு வெச்சாங்க.

இப்ப கார்த்திகை. ஐப்பசி அடைமழைக்கு அப்புறம் அடிபம்பு ஓரமா இருக்கிற நாலு குத்துல மட்டும் அடி இலை ஓரத்துலேர்ந்து பழுத்து உள்ள ஏறுது. மாமியார், "மஞ்சள்னா மஞ்சளாத்தான் ஆவும், தை வரைக்கும் கை வெக்காதே"ங்கிறாங்க. எனக்கு மனசு கேக்கல. தோண்டிப் பாக்கலாமா?

மொட்டைமாடி:
சத்துக் குறைவுதான். கொஞ்சம் யூரியா தூவுங்க, பச்சை ஏறிடும்.

படுகைக்காரன், திருவையாறு:
யூரியாவை மூட்டையிலேயே கட்டி வைங்க. அது பசிச்சு வாடுற செடிக்கு. இது வேறம்மா.

கணக்குப் பாருங்க. வைகாசி நடுவுலேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. மஞ்சள் முத்த எட்டு, ஒம்போது மாசம் பிடிக்கும். முத்தினா பாத்தி பூரா ஒண்ணாச் சாயும், பம்படி நாலு குத்து மட்டும் தனியாப் பழுக்காது.

உடனே தோண்டாதீங்க. தண்டை அடியில பிடிச்சு லேசா இழுங்க. நல்ல குத்து அசையாது. அழுகல்னா தண்டு மட்டும் கையோட வந்துரும், அடி பழுப்பா கொழகொழன்னு இருக்கும். மோந்தும் பாருங்க. ஒருவேளை நடுக்குருத்து மட்டும் காஞ்சு, தண்டுல ஓட்டை போட்டு மரத்தூள் மாதிரி தள்ளியிருந்தா அது குருத்துப்புழு. அதுக்கு வைத்தியம் வேற.

அழுகலுக்குக் காரணம் பித்தியம்னு பூஞ்சாணம் மாதிரி ஒரு கிருமி. மண்ணுல தண்ணி நின்னா அதோட வித்து அதுல நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். எங்களுக்குக் கொள்ளிடத்து வண்டல், மேல மணல். காலையில பேஞ்சா சாயங்காலம் காலுல ஒட்டாது. உங்க பக்கம் களி, ஒரு குடம் ஊத்தினா மறுநாளும் நிக்கும். நெல்லுக்கு அது வரம், மஞ்சளுக்கு எமன்.

மன்னார்குடி மருமகள்:
இழுத்தேங்கய்யா. மூணு குத்து கையோட வந்துருச்சு, நாலாவது பிடிச்சுக்கிட்டு நிக்குது. அரிசி கழுவின தண்ணி மூணு நாள் கிடந்தா ஒரு நாத்தம் வருமே, அதே நாத்தம். தாய்க்கிழங்கை அமுக்கினா தோல் மட்டும் இருக்கு, உள்ள கூழ். ஒரே ஒரு விரலி மட்டும் ஒடைச்சா ஆரஞ்சு நிறத்துல கெட்டியா இருந்துச்சு. மாமியார் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க.

பம்பு ஓரம் நட்டா தண்ணி ஊத்துற வேலை மிச்சம்னு நெனச்சது நான்தான். மிச்சம் 11 குத்தையாவது காப்பாத்தலாமா?

படுகைக்காரன், திருவையாறு:
தாராளமா. மொதல் வேலை மருந்து இல்ல, மம்பட்டி. பம்புத் தண்ணி பாத்திக்குள்ள வராம வேற பக்கம் வெட்டி விடுங்க. மஞ்சளைச் சுத்தி ஒரு முழ ஆழத்துக்கு வடிகால் எடுத்து, அந்த மண்ணையே குத்துகளுக்கு அணைச்சிடுங்க. இன்னும் மார்கழி மழை வேற பாக்கி.

அழுகின மூணையும் சுத்தியிருக்கிற மண்ணோட அள்ளி தூரமாப் புதைங்க. எருக்குழியில போட்டீங்கன்னா அடுத்த வருசம் எருவோட சேந்து நோயும் வீட்டுக்கு வரும். அள்ளின மம்பட்டியைக் கழுவாம நல்ல குத்துப் பக்கம் போகாதீங்க. நாலாவது குத்தையும் நான் இருந்தா எடுத்துருவேன். நிக்குதேன்னு பாவம் பாத்துத்தான் நான் ஒரு தடவை பாதிப் பாத்தியை விட்டேன்.

மருந்துதான் வேணும்னா காப்பர் ஆக்சி குளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரடியில மட்டும் ஊத்தலாம். 10 குத்துக்கு வடிகாலே போதும்னு என் எண்ணம். டிரைக்கோடெர்மா விரிடின்னு நன்மை செய்யற பூஞ்சாணம் ஒண்ணு இருக்கு, அதை இப்ப மருந்து அதோட சேத்துக் குடுக்காதீங்க, தாமிரம் அதைக் கொன்னுடும். அதை அடுத்த நடவுக்கு மக்கின எருவுல கலந்து போடுங்க.

கும்பகோணம் மாமி:
இலை மேல மருந்து தெளிச்சுடாதேடிம்மா! பொங்கலுக்கு மறுநாள் கணுவுக்கு அந்த இலையிலதான் சாதப் பிடி வைக்கணும். கடைத்தெருவுல அன்னிக்கு விக்கற இலையெல்லாம் கிழிஞ்சு வாடி இருக்கும். நான் சிமெண்ட் தொட்டியில வளக்கறதே இலைக்குத்தான், கிழங்கு வந்தா லாபம்.

மன்னார்குடி மருமகள்:
தெளிக்க மாட்டேன் மாமி. வடிகால் எடுத்தாச்சு, கை கொப்புளம். நாலாவது குத்தையும் எடுத்துட்டேன், அடியில லேசா பழுப்பு இருந்துச்சு. ஐயா, இந்தக் கிழங்கையே அடுத்த வருசம் விதைக்கு வெச்சுக்கலாமா?

படுகைக்காரன், திருவையாறு:
சமையலுக்கு எடுங்க, விதைக்கு வேணாம். நோய் வந்த பாத்திக் கிழங்கு வெளியில பளபளன்னு இருந்தாலும் உள்ள நோயைக் கொண்டு போகும். பொங்கல் கொத்தும் விதைக்கு அவ்வளவு தோதில்ல, இலை பச்சையா இருக்கறப்பவே பிடுங்கறதால கிழங்கு முழுசா முத்தியிருக்காது. மாசியில இலை காஞ்ச அப்புறம் வெட்டின கிழங்கா யார்கிட்டயாவது கேட்டு வாங்கி, நிழல்ல மணல் மூடி வைங்க. இடத்தையும் மாத்துங்க, அந்த இடத்துல இஞ்சியும் வேணாம். பம்படி வாழைக்கு ஆகட்டும்.

மன்னார்குடி மருமகள்:
வாழைக் கன்னுக்கு மாமியாரே ஆள் சொல்லி விட்டுட்டாங்க. பூவன்தான் வேணுமாம்.