மறு: ‘மைக்ரேஷன்’ – இடம்பெயர்வா, வேறு சொல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு சமூகத் தளத்தை விட்டு இன்னொரு தளத்துக்குக் கணக்கோடும் ஆட்களோடும் மாறுவதை ஆங்கிலத்தில் ‘மைக்ரேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் இந்த இழையின் பேச்சு.

> ‘இடம்பெயர்வு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

சென்னை அண்ணா கேட்டதற்குத்தான் இந்தப் பதில். சொல்லில் பிழை இல்லை. ஆனால் போன வாரம் இங்கே நடந்ததைக் கேளுங்கள்.

திருகோணமலைப் பழைய படங்களைச் சேர்க்கும் எங்கள் குழு பல வருடமாக ஒரு பெரிய சமூக ஊடகத்தில் இருந்தது. ஒருவர் படம் போட்டால் மற்றவர்களில் பாதிப் பேருக்கு அது கண்ணில் படாது, சேலை விளம்பரம்தான் படும். சரி, ஆளுக்குக் கொஞ்சம் மாதச் சந்தா போட்டு, நாங்களே ஒரு மாஸ்டடன் வழங்கியை (சர்வரை) நடத்துவோம் என்று முடிவெடுத்தோம். மாஸ்டடன் என்பது யாரும் தங்கள் சொந்த வழங்கியில் நடத்தக்கூடிய சமூக ஊடகம். அறிவிப்பை எழுதியது நான்: “அடுத்த வெள்ளிக்கிழமை நாம் இடம்பெயர்கிறோம்.” அரை மணித்தியாலத்துக்குள் மூதூரிலிருந்து ஓர் அக்கா அழைத்தார்.

“ஏன் தம்பி, திரும்பவும் என்ன பிரச்சினை?”

2006 ஆகஸ்டில் சண்டைக்குப் பயந்து மூதூரை விட்டுக் கந்தளாய்க்குப் போன சனத்தில் அவரும் ஒருவர். இந்தப் பக்கத்தில் இடம்பெயர்வு என்றால் முகாம், நிவாரண அட்டை, பூட்டாமல் விட்டு வந்த வீடு. நாங்கள் விரும்பி, கூட்டம் வைத்து, நாள் குறித்துப் போகிறோம். அதற்கு அந்தச் சொல்லை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ‘புலம்பெயர்வு’ கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டது. ‘இடப்பெயர்ச்சி’ பள்ளிக்கூட இயற்பியலுக்குச் சொந்தம். வெறும் ‘பெயர்ச்சி’ என்றால் சனீஸ்வரன் முன்னுக்கு வந்து நிற்கிறார்.

இழையில் வந்த இன்னொரு கேள்வி: சந்தாவால் நடக்கும் தளத்துக்கு என்ன பெயர்? ‘சந்தாத் தளம்’ போதும் என்பது என் கட்சி. காசு கொடுத்துச் சினிமாப் பார்க்கும் செயலிகளோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். குழம்பலாம். ஆனால் பள்ளிவாசலிலும் சனசமூக நிலையத்திலும் மரண உதவிச் சங்கத்திலும் சந்தா கட்டுபவர் கணக்குக் கேட்கும் உரிமையோடுதான் கட்டுகிறார். இங்கே அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. ‘கூட்டுறவுத் தளம்’ என்றால் சங்கக்கடையில் சீனி வாங்க வரிசையில் நின்றதுதான் நினைவு வரும்.

(தனித்தனி வழங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதைக் குறிக்கும் ‘பெடரேட்டட்’ என்பதற்குச் ‘சமஷ்டி’ போடலாமா என்று கேட்டவருக்கு: தமிழரசுக் கட்சி சமஷ்டி ஆட்சி கேட்ட 1956 திருகோணமலை மாநாட்டுத் தீர்மானம் வரை இழுத்துக்கொண்டு போகும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.)

இப்போது என் முன்மொழிவு: கரைமாற்றம்.

இலங்கையின் மேல்கரையில் கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) அடித்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் கடல் குளம் மாதிரி இருக்கும். அப்போது சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் வள்ளமும் வலையும் ஆட்களுமாகக் கீழ்க்கரைக்கு வந்து வாடி, அதாவது கரையோரத் தற்காலிகக் குடில், போடுவார்கள். காற்று மாறினால் திரும்புவார்கள். வள்ளம் வரும், வலை வரும், ஆட்கள் வருவார்கள். வாடி வராது. அதை வந்த இடத்தில் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. படங்களைத் தரவிறக்கிக் கொண்டுவந்துவிட்டோம். அவற்றின் கீழ் இருந்த பேச்சு வரவில்லை. திருக்கடலூர்க் கரையில் வள்ளங்கள் நிற்கும் ஒரு படம் இருக்கிறது. அதன் கீழே ஒரு பாட்டி, பேரனைக் கொண்டு தட்டச்சு செய்வித்து, இடமிருந்து வலமாக எந்த வள்ளம் யாருடையது, எது எந்தப் புயலில் போனது என்று எழுதியிருந்தார். அந்தப் பின்னூட்டத்தை நான் கொப்பியில் பார்த்து எழுதி, பிறகு புதுத் தளத்தில் தட்டினேன். இரண்டு இரவு போனது.

மாஸ்டடனில் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் இதே கதைதான். பின்தொடர்பவர்கள் தாமாகவே புதுக்கணக்குக்கு வந்துவிடுவார்கள், பழைய பதிவுகள் பழைய வழங்கியிலேயே கிடக்கும். ஆட்கள் வருகிறார்கள், வாடி நிற்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை. ஒரு முறை மாறினால் 30 நாளுக்கு மறுபடி மாற விடமாட்டார்கள். கடலும் நினைத்தபோதெல்லாம் விடாதுதானே.

நிற்கிற வாடியும் எத்தனை நாளைக்கு? மடற்குழுக்களை நடத்திய யாகூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15 அன்று மூடியபோது எத்தனை தமிழ்க் குழுமங்களின் பேச்சு போனது என்று இந்த மடற்பட்டியலில் இருக்கும் பழையவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் ‘வாடிமாற்றம்’ என்றுதான் எழுதினேன். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், “எங்கள் ஊரில் ‘வாடி’ என்று தொடங்கினால் வீட்டில் அடி விழும்” என்று தனிமடல் போட்டார். ஏற்றுக்கொண்டேன். அதோடு வாடி எங்கே போடுவது என்பதில் உள்ளூர் மீனவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் இடையில் உரசல் இருக்கிறது. கலைச்சொல்லுக்குள் அதை ஏன் கொண்டுவருவான்?

‘கரைமாற்றம்’ வினையாகவும் வளையும். நாம் கரைமாறுகிறோம், கணக்கைக் கரைமாற்றுகிறோம், அதற்கான கருவி கரைமாற்றி. ‘இடம்பெயர்வு’க்குக் கருவிப்பெயர் செய்து பாருங்கள், ‘இடம்பெயர்ப்பி’ என்று நாக்கு சுளுக்கும்.

> கரைமாறுவது கட்சி மாறுவது மாதிரிக் கேட்கிறதே?

கொழும்பு அக்கா சொல்வது சரிதான், கொஞ்சம் கேட்கிறது. ஆனால் ‘கரை மாறினான்’ என்று யாரும் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ‘கட்சி தாவல்’ என்று அதற்குத் தனிச்சொல் இருக்கிறது. தரவுத்தள ‘மைக்ரேஷன்’னுக்கும் இதையே போடலாமா என்றால், எனக்கு விருப்பமில்லை. அங்கே ஆட்கள் யாரும் போவதில்லை. அதற்குப் ‘பெயர்த்தல்’ இருக்கட்டும்.

நேற்று அறிவிப்பைத் திருத்தி, “வெள்ளிக்கிழமை நாம் கரைமாறுகிறோம்” என்று போட்டேன். மூதூர் அக்கா அழைக்கவில்லை, பெருவிரல் ஒன்று போட்டிருந்தார். திருக்கடலூர்த் தம்பி ஒருவர் மட்டும் கீழே கேட்டிருக்கிறார்: “அண்ணே, அங்கால காற்று எப்படி?”