சோலாருக்கு 280 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி செல் எட்டு வாங்கி ஆரம்பித்து, அடுத்த வருஷம் பெருக்கலாமா?

தாண்டிக்குடி_காப்பி:
வணக்கம். தாண்டிக்குடிக்கு மேலே காப்பித் தோட்டத்தில் வீடு. கரண்டு கம்பம் முக்கால் கிலோமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. இப்போது 150 ஏஎச் ட்யூபுலர் லெட்-ஆசிட் பேட்டரி ரெண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர். தண்ணி ஊற்றியே அலுத்துவிட்டது. கூரையில் 540 வாட் பேனல் நாலு. ஃபிரிட்ஜ், லைட்டு, வைஃபை, அரை எச்பி மோட்டார் கொஞ்ச நேரம். வெந்நீருக்கு விறகுதான். ஒரு வாரம் மீட்டர் மாட்டிப் பார்த்ததில் நாளுக்கு மூணரை யூனிட்.

திட்டம் இதுதான்: இப்போது 280 ஏஎச் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 8. மிளகுக் காசு வந்ததும் இன்னும் 8 வாங்கி, பழைய செல் ஒவ்வொன்றோடும் ஒரு புது செல்லைப் பேரலலாகக் கட்டுவது. ட்யூபுலரையும் கூடவே மாட்டி வைக்கலாமா? வீணாய்க் கிடக்கிறதே.

சிறுமலை_வயர்மேன்:
தம்பி, செல்லைக் கூட்டாதே, பேக்கைக் கூட்டு.

பேரலலாகக் கட்டிய ஜோடியை பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) ஒரே செல்லாகத்தான் பார்க்கும். ரெண்டில் ஒன்று நோஞ்சானாகிவிட்டால் எது என்று அதுக்குத் தெரியாது. நீ எல்லா பஸ்பாரையும் (இணைக்கும் உலோகப் பட்டை) கழற்றித் தேடணும், அதுவரை வீடு இருட்டு.

முதலில் 48 வோல்ட்டுக்குப் போ. 3000 வாட் இழுக்க 24-இல் 125 ஆம்பியர், 48-இல் அதில் பாதிதான். இன்வெர்ட்டர் மாற்றணும், வலிக்கத்தான் செய்யும். ஆனால் 24-இல் மூணு வருஷம் வளர்த்துவிட்டு மாற்றுவது இதைவிட வலிக்கும். 280 ஏஎச் எட்டுக்குப் பதில் 100 ஏஎச் செல் 16 வாங்கி ஒரு பேக்காகக் கட்டு. 51.2 வோல்ட், 5.12 யூனிட். 80 சதவீதம்தான் எடுக்கிறாய், இன்வெர்ட்டர் தின்பது போக 3.7 கையில் நிற்கும். உன் ஒரு நாள் கணக்கு சரியாப் போச்சு. மிளகு விற்றதும் இதே மாதிரி இன்னொரு 16, தனி பிஎம்எஸ், தனி ஃபியூஸ். ஒன்றைக் கழற்றி வேலை பார்த்தாலும் மற்றதில் ஃபிரிட்ஜ் ஓடும்.

பிஎம்எஸ் ஒவ்வொன்றும் முழு லோடையும் தனியாகத் தாங்கணும். ஒரு பேக் கட் ஆனால் மொத்தமும் அடுத்ததன் தலையில் விழும். 3 கிலோவாட்டுக்கு எழுபது ஆம்பியர் வரும், 100 ஆம்பியர் பிஎம்எஸ் போதும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஆசை இருந்தால் அது பத்தாது, இப்போதே யோசி.

ட்யூபுலரை லித்தியத்தோடு சேர்க்காதே. லித்தியம் நிற்கிற வோல்ட் அதைவிட உயரம். லித்தியம் காலியாகிறவரை ட்யூபுலர் மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். பழைய இன்வெர்ட்டரோடு தனியே வைத்து, காப்பி காயப்போடும் களத்து லைட்டுக்கு விடு.

கோவை_பெஞ்ச்:
அண்ணன் ஃபியூஸை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். வீட்டு ஏசி எம்சிபியை (ட்ரிப் ஸ்விட்ச்) பேட்டரி லைனில் போடுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அதில் தீப்பொறி அணையும். டிசி தொடவே தொடாது. எம்சிபிக்குள்ளேயே நின்று எரியும். எல்எஃப்பி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். பேக்குக்கு ஒரு கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ், பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே.

தாண்டிக்குடி_காப்பி:
ரொம்ப நன்றிண்ணே. ரெண்டாவது பேக்கைச் சேர்க்கும்போது ரெண்டிலும் வோல்ட் ஒண்ணா இருக்கான்னு பார்த்தால் போதுமா?

சிறுமலை_வயர்மேன்:
அதைக்கூடப் பார்க்காமல் சூடு பட்டவன் நான். புது பேக் சார்ஜரிலிருந்து இறக்கிய கையோடு 54-க்கு மேல். பழையது ராத்திரி முழுக்க ஓடி 52-க்குக் கீழே. ‘ரெண்டு வோல்ட்தானே’ என்று கேபிள் முனை லக்கை வைத்தேன். பளீரென்று ஒரு வெளிச்சம், லக்கில் ஒரு பள்ளம், பிஎம்எஸ் கட். உள்ளே ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 13 மில்லி ஓம்தான். கணக்குப் போட்டால் 150 ஆம்பியருக்கு மேலே. வீட்டுக்காரி அன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில்தான் மாவாட்டினாள், ஆட்டுக்கல்லில்.

வோல்ட் மட்டும் பார்ப்பதும் போதாது. எல்எஃப்பி செல் 30 சதவீத சார்ஜிலும் 3.2 வோல்ட் சொச்சம், 70-லும் 3.3. ரெண்டையும் தனித்தனியாக 56 வோல்ட் வரை ஏற்று, ஆம்பியர் இறங்கட்டும். கழற்றி ரெண்டு மணி நேரம் ஆறவிடு. வித்தியாசம் 0.1-க்குள் இருந்தால் சேர். இன்வெர்ட்டர் பிளஸ்ஸை முதல் பேக் பக்கத்திலிருந்தும், மைனஸ்ஸைக் கடைசி பேக் பக்கத்திலிருந்தும் எடு. இல்லாவிட்டால் முதல் பேக்தான் எப்போதும் அதிகமாக உழைக்கும்.

அப்புறம், கார்த்திகை மழையில் மூணு நாள் மூடுபனி நின்றால் ரெண்டு பேக்கும் காலியாகத்தான் கிடக்கும். அதுக்கு மருந்து மூணாவது பேக் இல்லை, ஐந்தாவது பேனல்.

இருந்தாலும் பஸ்பாரில் மூணாவது பேக்குக்கும் இன்றைக்கே ஓட்டை போட்டு வை. பின்னாடி லைவ் பஸ்பாரில் டிரில் வைக்க முடியாது.