விண்டோஸ் 11-க்கு மாறியபின் ஷேர் ஃபோல்டர் பாஸ்வேர்டை ஏற்கவில்லை – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர். கணக்குக் கோப்புகள் இருப்பது விண்டோஸ் 10 ஓடும் பழையதில். இன்னொன்றை விண்டோஸ் 11 ப்ரோ 24ஹெச்2 பதிப்புக்கு மாற்றினோம். அதுவரை ஷேர் ஃபோல்டர் பாஸ்வேர்டே கேட்காமல் திறந்தது. மாற்றியதும், விருந்தினர் நுழைவு தடுக்கப்பட்டுள்ளது என்று செய்தி வந்தது (பிழை 1272). பழையதில் ‘பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்’கை ஆன் செய்தோம். இப்போது யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தினமும் லாகின் செய்யும் பின் எண்ணைக் கொடுத்தால் 1326, தவறு என்கிறது. எந்த பாஸ்வேர்டைத்தான் கேட்கிறது?

பதில்:
கோப்புகள் இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் யூசரையும் பாஸ்வேர்டையும் கேட்கிறது. பின் எண் அந்தந்த கம்ப்யூட்டருக்குள் மட்டுமே செல்லும், நெட்வொர்க்கில் எடுபடாது.

முன்பு திறந்ததற்குக் காரணம், நீங்கள் ‘கெஸ்ட்’டாக நுழைந்துகொண்டிருந்தீர்கள். 24ஹெச்2 ப்ரோவில் எஸ்எம்பி சைனிங் (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும்போது போகும் தகவலுக்குக் கையொப்பமிடுவது) கட்டாயம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தகவல் துண்டிலும்) கையொப்பமிட ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை, அதனால் சாவியும் இல்லை. ஆகவே ஷேரிங்கில் நீங்கள் ஆன் செய்தது சரியான வேலை, திரும்ப அணைக்காதீர்கள். விண்டோஸின் பாலிசி அமைப்பில் கெஸ்ட் லாகினைத் திறந்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. கணக்குக் கோப்பு இருக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது, உங்கள் வைஃபையில் சேரும் யாரும் உள்ளே வரலாம்.

பழைய கம்ப்யூட்டரில் இதற்கென ஒரு லோக்கல் யூசர் போடுங்கள்: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ‘ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்’. மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும்போது, கணக்கு இல்லாமல் சேர்க்கும் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். பெயர் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் நெட்வொர்க் வழியே நுழைய முடியாது, 1327 வரும்.

பிறகு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு டேபிலும் அந்த யூசருக்கு அனுமதி கொடுங்கள். பலர் ஷேரிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். எழுதவும் வேண்டுமென்றால் ஷேரிங்கில் ‘சேஞ்ச்’, செக்யூரிட்டியில் ‘மாடிஃபை’. ‘எவ்ரிஒன்’ இருந்தால் ஷேரிங் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

இனி விண்டோஸ் 11-இல்: கண்ட்ரோல் பேனல், கிரெடென்ஷியல் மேனேஜர் (பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் இடம்), விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். பழைய கம்ப்யூட்டர் பெயரில் உள்ள பதிவை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். முகவரியில் கம்ப்யூட்டர் பெயர் மட்டும். யூசர் இடத்தில் பழைய கம்ப்யூட்டர் பெயர், ஒரு \ குறி, அடுத்து யூசர் பெயர். அந்த முன்னொட்டை விட்டால், இந்தக் கம்ப்யூட்டரின் பெயரையே சேர்த்து அனுப்பிவிடலாம். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 1326 வர இது போதும்.

கேட்டவர்:
நன்றி சார். எல்லாம் செய்தேன். இப்போது 1219 வருகிறது.

பதில்:
இது பாஸ்வேர்டு தவறு என்பதல்ல, வேறு சிக்கல். ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் இணைய விண்டோஸ் விடாது. பழைய மேப் டிரைவ் (டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்துவைத்த ஷேர் ஃபோல்டர்) ஏதாவது உயிரோடு இருக்கும். அதை ‘டிஸ்கனெக்ட்’ செய்து, சைன் அவுட் ஆகித் திரும்ப வாருங்கள். இன்னொன்று: பெயரில் சேமித்த பாஸ்வேர்டு, ஐபி முகவரியில் திறந்தால் வேலை செய்யாது, விண்டோஸுக்கு இரண்டும் வேறு வேறு. ஷார்ட்கட் ஐபியில் இருந்தால் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
சைன் அவுட் செய்ததும் திறந்துவிட்டது. எழுதவும் முடிகிறது. மிக்க நன்றி.

இன்னொருவர்:
எங்களிடம் இரண்டுமே 24ஹெச்2. மேலே சொன்ன அத்தனையும் செய்தும் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கிறது. ஒன்றின் டிஸ்கை அப்படியே நகலெடுத்து (க்ளோன் செய்து)தான் மற்றதைத் தயார் செய்தார்கள். அது காரணமாக இருக்குமா?

பதில்:
இருக்கும். க்ளோன் செய்யும்போது சிஸ்ப்ரெப் (கம்ப்யூட்டரின் தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) ஓட்டாவிட்டால் இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே எஸ்ஐடி அடையாள எண் அமைந்துவிடும். 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்டுகள் அதைச் சரிபார்த்து மறுக்கின்றன. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில்) சிஸ்டம் பதிவைத் திறந்து 6167 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. இரண்டில் ஒன்றில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள், கோப்புகளை முதலில் வெளி டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டு.