எக்ஸ்வி6: கொப்பி-ஒன்-ரைட் ஃபோர்க் ஒரு சிபியூவில் ஓடுகிறது, மூன்றில் விழுகிறது

வடலி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கிறேன். பாடத்துக்காக இல்லாமல் என் விருப்பத்துக்கு எக்ஸ்வி6 (xv6) என்ற, கற்பிப்பதற்கான சின்ன இயங்குதளத்தின் கேர்னலில் (மையப் பகுதியில்) வேலை செய்துகொண்டிருக்கிறேன்.

எக்ஸ்வி6இல் ஃபோர்க் (ஓடும் நிரலான புரோசஸ் தன்னைப் போலவே ஒரு பிள்ளையை உண்டாக்கும் அழைப்பு) நடந்தால் தாய்ப் புரோசஸின் மெமரி முழுவதும் பக்கம் பக்கமாகப் பிள்ளைக்குக் கொப்பி ஆகும். ஷெல்லில் அநேகமாக எந்தக் கட்டளை அடித்தாலும் இதே கதைதான். கொப்பி எடுத்த கையோடு எக்ஸெக் (புது நிரலை ஏற்றும் அழைப்பு) வந்து அத்தனையையும் எறிந்துவிடும். அந்த வீண் வேலையை நிறுத்தத்தான் கொப்பி-ஒன்-ரைட் (யாராவது எழுதப் போகும்போது மட்டும் கொப்பி எடுப்பது) எழுதினேன்.

ஃபோர்க்கில் மெமரியைக் கொப்பி செய்யும் யூவிஎம்கொப்பியில் புதுப் பக்கம் எடுக்காமல், தாய், பிள்ளை இரண்டின் பேஜ் டேபிளிலும் (எந்த முகவரி எந்தப் பக்கம் என்ற அட்டவணை) அதே பக்கத்தையே காட்டுகிறேன். எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு, மென்பொருளுக்கென்று விட்டிருக்கும் பிட்டுகளில் ஒன்றை அடையாளமாக வைக்கிறேன். யாராவது எழுதப் போனால் ஃபோல்ட் ஆகி, எஸ்கோஸ் (காரணத்தைச் சொல்லும் பதிவகம்) 15 உடன் கேர்னலின் யூசர்ட்ராப்புக்கு வரும். அங்கே புதுப் பக்கம் எடுத்துக் கொப்பி செய்து, பழையதை, பக்கத்தை விடுவிக்கும் கேஃப்ரீக்குக் கொடுக்கிறேன். ஒரு பக்கத்தை எத்தனை புரோசஸ் வைத்திருக்கிறது என்று எண்ண, பக்கங்களை ஒதுக்கும் கேஅலொக் கோப்பில் ஓர் அரே. கேஃப்ரீயில் லொக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பிடித்து எண்ணிக்கையைக் குறைத்து, லொக்கை விட்டபிறகு அது பூச்சியமா என்று பார்க்கிறேன். யூவிஎம்கொப்பியில் கூட்டுவது ஒரே வரிதானே என்று அங்கே லொக் போடவில்லை.

ஒரு சிபியூவில், எக்ஸ்வி6உடன் வரும் யூசர்டெஸ்ட்ஸ் சோதனைகள் முழுவதும் பாஸ். மேக்ஃபைலில் உள்ளபடி மூன்று என்று விட்டால், சிலவேளை கடைசியில் வெற்றுப் பக்கங்கள் சில தொலைந்துவிட்டன என்று சொல்கிறது. சிலவேளை நான் கையே வைக்காத இடத்தில் பேனிக் (கேர்னல் அப்படியே நின்றுவிடும்). அப்படி ஒரு பேனிக்கில் எஸ்டிவால் (ஃபோல்ட் வந்த முகவரி) 0101010101010101 என்று இருந்தது. எங்கே தொடங்கிப் பார்ப்பது?

கிடுகுவேலி எழுதியது:

தங்கச்சி, அந்த எஸ்டிவாலை எழுதி வைத்தீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

கேஃப்ரீயைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தை விடுவிக்கும்போது எக்ஸ்வி6 அதன் ஒவ்வொரு பைட்டிலும் 1 என்று நிரப்பும். கேஅலொக் ஒரு பக்கத்தைக் கொடுக்கும்போது 5 என்று நிரப்பும். இது வேண்டுமென்றே செய்தது. பேனிக்கில் 01 வரிசையாக வந்தால், விடுவித்துவிட்ட பக்கத்தை இன்னும் யாரோ பாவிக்கிறார்கள். 05 வரிசையாக வந்தால், எடுத்த பக்கத்தைச் சுத்தம் செய்யாமல் வாசித்திருக்கிறார்கள். உங்களுடையது முதலாவது வகை. பேனிக் வந்த இடத்தில் மினக்கெட வேண்டாம், அந்தக் கோட் அப்பாவி. பக்கத்தை முந்தி விடுவித்தது யார் என்பதுதான் கேள்வி.

உங்கள் விவரிப்பில் இரண்டு ஓட்டை தெரிகிறது.

முதலாவது, லொக்கை விட்டபிறகு பூச்சியமா என்று பார்ப்பது. எண்ணிக்கை 2 என்று வையுங்கள். இரண்டு சிபியூவில் இரண்டு புரோசஸும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைக் கைவிடுகின்றன. ஒன்று குறைத்து 1 ஆக்கி லொக்கை விடுகிறது. அது பார்க்கும் முன்னரே மற்றது குறைத்து 0 ஆக்குகிறது. இப்போது இரண்டுமே பார்க்கின்றன, இரண்டுக்குமே 0 தெரிகிறது, இரண்டுமே விடுவிக்கின்றன. ஒரே பக்கம் வெற்றுப் பட்டியலில் இரண்டு தரம் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கேஅலொக் அதை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்கும். பங்குக் கிணற்றை இரண்டு பேருக்குத் தனி உறுதியாக முடித்துக் கொடுத்த மாதிரி. வழக்கு எந்த வளவில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல ஏலாது.

திருத்தம் சின்னது. லொக்குக்குள்ளேயே குறைத்து, குறைத்த பெறுமதியை ஒரு லோக்கல் மாறியில் எடுத்துக்கொண்டு, பிறகு லொக்கை விடுங்கள். அந்த மாறியை மட்டும் பார்த்து முடிவு எடுங்கள், அரேயைத் திரும்பத் தொட வேண்டாம். 1 நிரப்பும் வரி முடிவுக்குப் பிறகுதான் வரவேண்டும். மூலக் கோட்டில் அது மேலே இருக்கிறது. அப்படியே விட்டால், இன்னொருவர் பாவிக்கும் பக்கத்தை அழித்துவிட்டுத்தான் எண்ணிக்கையைப் பார்ப்பீர்கள்.

இரண்டாவது ஓட்டை, கூட்டும் இடத்தில் லொக் இல்லாதது. சி-யில் ஒரு வரி என்றாலும், எக்ஸ்வி6 ஓடும் ரிஸ்க்-ஃபைவ் சிபியூவில் அது எடு, கூட்டு, வை என்று மூன்று வேலை. தாய் திரும்பவும் ஃபோர்க் செய்து 2ஐ எடுக்கிறது. அதே நேரம் முதல் பிள்ளை எக்ஸெக் செய்து பழைய பக்கத்தை விட்டு 2ஐ 1 ஆக்குகிறது. தாய் 3 என்று எழுதி மூடுகிறது. உண்மையில் இருப்பது இரண்டு பேர். அந்தப் பக்கம் இனி ஒருநாளும் திரும்பி வராது. தொலைந்த பக்கங்கள் இவைதான். எழுதும் ஒழுங்கு மாறினால் எண்ணிக்கை 1 ஆகிவிடும், திரும்பவும் 01 வரிசை வரும். குறைக்கிற இடத்தில் மட்டும் லொக் இருந்து பயனில்லை. அரேயைத் தொடும் எல்லா இடமும் அதே லொக்கைப் பிடிக்க வேண்டும்.

ஒரு சிபியூவில் பாஸ் ஆவதை நம்ப வேண்டாம். எக்ஸ்வி6இல் கேர்னல் ஓடும்போதும் டைமர் இன்டரப்ட் வந்து யீல்ட் ஆகும் (வேறு புரோசஸுக்கு இடம் விடும்). அங்கேயும் இது நடக்கலாம், ஆனால் மிக அரிது.

இன்னொன்று: ஃபோல்ட் வந்த இடத்தில் முதலில் கொப்பி, பிறகுதான் பழைய பக்கத்துக்குக் கேஃப்ரீ. மாறிச் செய்தால் கொப்பி எடுக்கும் நடுவிலே மற்றவர் விட்டுவிட, பக்கம் 1ஆல் நிரம்பிவிடும். கேஅலொக் பக்கம் இல்லை என்று சொன்னால் அந்தப் புரோசஸைக் கொல்லுங்கள், கேர்னலைப் பேனிக் ஆக்க வேண்டாம்.

ஆனைப்பந்தி எழுதியது:

மேலே அண்ணை சொன்னது முழுதும் சரி. நான் இரண்டு விடயம் சேர்க்கிறேன்.

கொப்பிஅவுட்டைத் தொட்டீர்களா? ரீட் அழைப்பில் கேர்னல் இதைக்கொண்டு யூசரின் பஃபருக்கு எழுதும்போது, பேஜ் டேபிளைத் தானே நடந்து பார்த்து, பௌதிக முகவரிக்கு நேராக எழுதும். யூசர் பக்கத்தில் எழுத அனுமதி இல்லை என்பதை வன்பொருள் அங்கே பார்க்காது, ஃபோல்டும் வராது. பழைய பதிப்புகளில் பிள்ளை பைப்பில் வாசித்தது தாயின் மெமரியில் போய் விழும்; இப்போதைய பதிப்பில் கொப்பிஅவுட் எழுதும் அனுமதியைத் தானே பார்ப்பதால் அந்த வாசிப்பே சரிவராது. யூசர்ட்ராப்பில் செய்வதை ஒரு ஃபங்ஷனாகப் பிரித்து இரண்டு இடத்திலும் கூப்பிடுங்கள்.

அப்புறம், அடையாள பிட்டை முதலே எழுதும் அனுமதி இருந்த பக்கத்துக்கு மட்டும் வையுங்கள். நிரல் இருக்கும் பக்கங்கள் எப்போதுமே வாசிக்க மட்டும். எல்லாவற்றுக்கும் வைத்தால், அங்கே எழுதப் போனவனுக்கு நீங்களே எழுதக்கூடிய கொப்பி ஒன்றைச் செய்து கொடுப்பீர்கள். யூசர்டெஸ்ட்ஸில் டெக்ஸ்ட்ரைட் என்ற சோதனை இதைத்தான் பார்க்கிறது.

வடலி எழுதியது:

இருவருக்கும் நன்றி. லோக்கல் மாறிக்கு மாற்றி, கூட்டும் இடத்திலும் லொக் போட்டேன். மூன்று சிபியூவிலும் இரவு முழுக்க யூசர்டெஸ்ட்ஸைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பக்கம் ஒன்றும் தொலையவில்லை. கொப்பிஅவுட்டும் செய்துவிட்டேன்.

இரண்டு கேள்வி. எண்ணிக்கை 1 என்றால் கொப்பி எடுக்காமல் எழுதும் அனுமதியைத் திருப்பிக் கொடுக்கிறேன். பார்ப்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவே எண்ணிக்கை ஏறாதா? மற்றது, இதை எக்ஸ்வி6 மூலக் களஞ்சியத்துக்கு அனுப்பினால் எடுப்பார்களா?

கிடுகுவேலி எழுதியது:

ஏறாது. எண்ணிக்கையைக் கூட்டுவது ஃபோர்க் மட்டும். அந்தப் பக்கம் கையில் இருப்பவர்தான் அதை ஃபோர்க்கில் பகிர முடியும். அது நீங்கள் ஒருவர்தான், நீங்களோ இப்போது ஃபோல்டுக்குள் நிற்கிறீர்கள். எக்ஸ்வி6இல் ஒரு புரோசஸுக்கு ஒரு திரெட் (அதன் மெமரியில் ஓடும் ஓட்டம்) என்பதால் இந்த நியாயம் நிற்கிறது. திரெட் சேர்த்தால் அதே நாளில் உடையும். அப்போது ஃபோர்க்கில் எழுதும் அனுமதியை எடுத்ததும் மற்ற சிபியூக்களின் டிஎல்பியையும் (பேஜ் டேபிளில் பார்த்ததைச் சிபியூ நினைவில் வைக்கும் இடம்) துடைக்கச் சொல்ல வேண்டிவரும். இப்போது யூசருக்குத் திரும்பும்போது ட்ராம்பொலினில் (கேர்னலுக்கும் யூசருக்கும் நடுவே மாறும் கோட்) சாட்ப் (எந்தப் பேஜ் டேபிள் என்று சொல்லும் பதிவகம்) மாறும் இடத்திலேயே டிஎல்பி துடைபடுகிறது, அது காணும். இந்த நியாயத்தை அந்த இஃப் வரிக்கு மேலே கருத்தாக எழுதி வையுங்கள்.

மூலக் களஞ்சியம் எடுக்காது என்றுதான் நினைக்கிறேன். எக்ஸ்வி6 2006இல் எம்ஐடியில் கற்பிப்பதற்கென்று எழுதியது. 1975இன் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பை ஒட்டியது. புது வசதிகளைவிட எளிமையாக்கலும் தெளிவாக்கலும்தான் வேண்டும் என்று ரீட்மீயிலேயே சொல்லியிருக்கிறார்கள். கொப்பி-ஒன்-ரைட் மாணவர்களுக்கான பயிற்சியாகவும் இருக்கிறது, விடையை உள்ளே வைக்க மாட்டார்கள்.

ஆட்கள் தினமும் பாவிக்கிற சின்னக் கேர்னலில் கை வைக்க ஆசை என்றால் ஹைக்கூ இயங்குதளத்தைப் பாருங்கள். பீஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் 2001இல் தொடங்கியது, கேர்னல் நியூஓஎஸ் என்பதிலிருந்து வந்தது. நான் இரவில் வாசிப்பது அதைத்தான். அங்கே புரோசஸுக்குப் பல திரெட். நீங்கள் இப்போது கேட்ட கேள்விதான் அங்கே அன்றாட வேலை. மாற்றங்களை கெரிட் என்ற மதிப்பாய்வுத் தளத்தில் வரி வரியாகப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பார்கள். கடுமையாகக் கேட்பார்கள், மனம் சோர வேண்டாம். ஒரு லொக் எதைக் காக்கிறது என்று இப்படி நின்று கேட்கிற பிள்ளை அங்கே கட்டாயம் தேவை.

அதற்கு முன்னர் எக்ஸ்வி6இலேயே ஒரு வேலை: கேஅலொக்கில் எல்லாச் சிபியூவுக்கும் ஒரே வெற்றுப் பட்டியல், ஒரே லொக். அதைச் சிபியூவுக்கு ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். தன் பட்டியல் தீர்ந்தால் மற்றவரிடம் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு லொக்கை ஒன்றாகப் பிடித்தால் சிக்கும். எழுதியதும் இங்கே போடுங்கள், வடிவாகப் பார்த்துச் சொல்கிறேன்.