மியூசிக்கலுக்கு வசனமும் பாட்டும் ஒருவரே எழுதும்போது: சில கேள்விகள்

கேள்வி (மேடைக்கிறுக்கல்):

வசன நாடகம் எழுதிப் பழக்கம் உண்டு, மெட்டுக்குப் பாட்டும் எழுத வரும். இப்போது ஓர் இசையமைப்பாளரோடு சேர்ந்து தமிழில் இரண்டு மணி நேர மியூசிக்கல் (வசனமும் பாட்டும் சேர்ந்தே கதை சொல்லும் மேடை நாடகம்) எழுதுகிறோம். கதை, வசனம், பாடல் மூன்றும் என் பொறுப்பு. முதல் வரைவு 140 பக்கம், பாட்டு ஒன்பது. படித்தவர்கள் எல்லோரும் ஒரே குறைதான் சொல்கிறார்கள்: “நாடகம் தனியா ஓடுது, பாட்டு தனியா வருது.” எங்கே வெட்டுவது? பாட்டு முதலிலா, மெட்டு முதலிலா? பாடிப் பார்க்கும்போது சில வரிகள் காதில் வேறு சொல்லாக விழுகின்றன, அதற்கு என்ன வழி? இசையமைப்பாளரோடு இதுவரை எழுத்தில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதால் அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

பதில் 1 (திரைச்சீலை):

140 பக்கம் என்பதிலேயே விடை இருக்கிறது. வசனம் பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் போகும். பாட்டு அப்படியல்ல. இருபது குட்டி வரிகள் கொண்ட பக்கம், திரும்பப் பாடுவதும் ஆட்டமும் சேர்ந்தால் மூன்று நான்கு நிமிடம் தின்னும். இரண்டு மணி நேரத்துக்கு மொத்தம் 90 பக்கம், பாட்டு பதினைந்திலிருந்து பதினெட்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்கு முந்தைய பாதி நீளமாக இருக்கலாம் (75 நிமிடம் வரை), பிந்தையது சுருக்கமாக இருக்க வேண்டும்.

வெட்டும் இடம் இப்படி. அண்ணன் தங்கையைக் கேட்காமல் கடையை விற்றுவிட்டான் என்று ஒரு காட்சி:

— கடைய வித்துட்டியா?
— ம்.
— யாரக் கேட்டு?

வசன நாடகக்காரர் இதற்குப் பிறகுதான் இரண்டு பக்கம் சண்டை எழுதுவார், சண்டை ஓய்ந்ததும் தங்கை சோகமாகப் பாடுவாள். அப்போது பாட்டுக்குச் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. “யாரக் கேட்டு?” என்பதுதான் பாட்டின் முதல் வரி. அந்த இரண்டு பக்கமும் பாட்டுக்குள் போக வேண்டும். பாட்டு முடியும்போது ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்: அவள் வீட்டை விட்டுக் கிளம்பலாம், அவன் பொய்யை ஒப்புக்கொள்ளலாம். ஒன்பது பாட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படியுங்கள். எதை எடுத்தும் கதை நொண்டவில்லையோ அது வெறும் அலங்காரம்.

வசனகர்த்தாவுக்கு இது வலிக்கும். நல்ல வசனத்தைப் பாட்டுக்குத் தாரைவார்ப்பதுதான் இந்த வேலை. வெற்றியானால் பாட்டைப் புகழ்வார்கள், தோற்றால் கதை சரியில்லை என்பார்கள்.

முதல் பாட்டை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இது எந்த மாதிரி நாடகம், சிரிக்கலாமா கூடாதா என்பதை அதுதான் பார்வையாளருக்குச் சொல்கிறது. 1962-ல் ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையும் பாடலும் எழுதிய ‘எ ஃபன்னி திங் ஹாப்பண்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்’ மியூசிக்கல், பிராட்வேக்கு (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) முந்தைய வாஷிங்டன் முன்னோட்டத்தில் சரியாகப் போகவில்லை. மென்மையான காதல் பாட்டோடு தொடங்கியதால் வரப்போவது கூத்தடிக்கும் நகைச்சுவை என்று கூட்டத்துக்குப் பிடிபடவில்லை. இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸ் சொன்னபடி முதல் பாட்டை நகைச்சுவையாக மாற்றினார்கள், அதன் பிறகு நாடகமே தலைகீழாக மாறிப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது அல்லது மூன்றாவது பாட்டுக்குள் நாயகிக்கு என்ன வேண்டும் என்பது அவள் வாயாலேயே வந்துவிட வேண்டும்.

பதில் 2 (குற்றியலுகரம்):

வேறு சொல்லாகக் கேட்பது பாடகரின் தவறல்ல, எழுதியவர் தவறு. தமிழில் குறிலை இழுத்தால் பொருளே மாறிவிடும். நீண்ட சுரத்தில் ‘கல்’ விழுந்தால் ‘கால்’, ‘விடு’ விழுந்தால் ‘வீடு’, ‘படம்’ விழுந்தால் ‘பாடம்’. “என்னை விடு” என்று கெஞ்சுகிறவள் வீடு கேட்பது போல இருக்கும். மெட்டு கையில் வந்ததும் எந்தெந்த சுரம் நீள்கிறது என்று வட்டம் போடுங்கள். அங்கே நெடில் வையுங்கள், அல்லது ‘மனம்’, ‘நான்’, ‘அவள்’ மாதிரி ம், ன், ள் என்று முடிந்து அந்த ஒற்றிலேயே நிற்கக்கூடிய சொல்லை வையுங்கள்.

வரிக் கடைசியில் ‘வந்து’, ‘நேற்று’, ‘கேட்டு’ வந்து அங்கே சுரமும் நீண்டால் ஆபத்து. அரை மாத்திரை உகரத்தை இழுத்தால் ‘வந்தூ’ என்று ஊளையாகிவிடும். பெண் குரல் உச்சத்துக்குப் போகும்போது எந்த உயிரும் ஆகாரத்தை நோக்கியே திறக்கும், ஈ-யும் ஊ-வும் அடையாளம் தெரியாமல் போகும். ஆகவே கதைக்கு அவசியமான சொல்லை உச்ச சுரத்தில் வைக்காதீர்கள். அந்த இடத்துக்கு ‘வா’, ‘போ’, ‘ஏன்’ போதும்.

மூச்சு விடும் இடமும் முக்கியம். ‘தங்கை’ என்பதை நடுவில் உடைத்தால் ‘தன் கை’, ‘பலகை’யை உடைத்தால் ‘பல கை’. புத்தகத்தில் படிப்பவர் திரும்பிப் பார்ப்பார். அரங்கில் கேட்பவருக்கு ஒரே வாய்ப்புதான்.

கடைசியாக இயைபு. தமிழில் வினை வாக்கியக் கடைசியில் வருவதால் ‘வருகிறேன், போகிறேன், அழுகிறேன்’ என்று தானாக ஒத்து ஒலிக்கும். அதை இயைபு என்று ஏமாறாதீர்கள். அது விகுதி, அதில் உழைப்பே இல்லை. வினையை முன்னே தள்ளி, பெயர்ச்சொல்லிலோ விளியிலோ வரியை முடித்துப் பாருங்கள். சிரிப்புப் பாட்டில் வேடிக்கைச் சொல் வரிக் கடைசியில்தான் நிற்க வேண்டும், உடனே ஓரிரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வாத்தியம் மட்டும் போகட்டும். இல்லாவிட்டால் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வரி காணாமல் போகும்.

பதில் 3 (இடையிசை):

பாட்டா மெட்டா என்பதற்குப் பொது விதி கிடையாது. அமெரிக்க இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடலாசிரியர் லாரன்ஸ் ஹார்ட்டோடு வேலை செய்தபோது பெரும்பாலும் மெட்டு முதலில், இன்னொரு பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனோடு சேர்ந்த பிறகு பெரும்பாலும் வரிகள் முதலில். உங்களைப் போல வசனமும் எழுதுகிறவருக்கு முதல் சரணத்தையும் பல்லவியையும் எழுதிக் கொடுத்துவிட்டு மெட்டு வாங்கி, மீதியை அந்த மெட்டுக்கு எழுதுவது நல்லது என்பேன். முழுப் பாட்டையும் எழுதிக் கொடுத்தால் எல்லாம் எண்சீர் விருத்தம் மாதிரி ஒரே நடையில் வரும்.

பதில் 2-இல் விட்டுப்போன ஒன்று: பாத்திரத்தின் படிப்புக்கும் ஊருக்கும் மீறிய சொல்நயம் வேண்டாம். தான் பாடல் எழுதிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ மியூசிக்கலில் ஓர் எளிய பெண்ணின் வாயில் அடுக்கடுக்கான உள்ளெதுகை வைத்ததை சோண்ட்ஹைமே பின்னாளில் தன் தவறு என்று சொல்லிக்கொண்டார். கவிஞர் முன்னே வந்து நின்றால் பாத்திரம் பின்னே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:

140-ஐ 96 பக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்று தெரிகிறது. ஒப்பந்த விஷயம்?

பதில் 4 (உரிமைப்பத்திரம்):

இன்றே ஒரு கூட்டு ஒப்பந்தம் எழுதுங்கள், மூன்று பக்கம் போதும். பிராட்வே வழக்கத்தில் வசனம், இசை, பாடல் மூன்றுக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் உங்களுக்கு மூன்றில் இரண்டு. பாதிப் பாதி என்று பேசி முடித்தாலும் தப்பில்லை, ஆனால் எழுதுங்கள். பெயர் எந்த வரிசையில், எந்த அளவு எழுத்தில் என்பதும் அதிலேயே வரட்டும். கதை வேறொருவரின் நாவலிலிருந்து என்றால் அவர் அனுமதி முதலில், பங்கு தனியாக.

அடுத்தது இணைப்பு விதி. இருவரும் பிரிந்தால் அவரவர் வரியும் மெட்டும் அவரவருக்கு. குறிப்பிட்ட கட்டத்துக்குப் பிறகு (வழக்கமாக முதல் தொழில்முறை மேடையேற்றம்) எல்லாம் ஒரே படைப்பு, யாரும் தன் பகுதியை உருவிக்கொண்டு போக முடியாது. அந்தக் கட்டம் எது என்று எழுதாமல் விடுவதால்தான் முக்கால்வாசிச் சண்டை.

தயாரிப்பாளரிடம் பதிப்புரிமையை விற்காதீர்கள். சினிமாவில் எழுத்தை வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்க மேடையில் உரிமை எழுத்தாளரிடமே இருக்கும், தயாரிப்பாளர் மேடையேற்றும் அனுமதி மட்டும் பெறுவார், எழுத்தாளர் சம்மதமில்லாமல் ஒரு வரியையும் மாற்ற முடியாது. அங்கே நாடக எழுத்தாளர்களின் சங்கமான டிரமாட்டிஸ்ட்ஸ் கில்ட் வகுத்த ஒப்பந்த மாதிரியில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்து வசூலில் 4.5 சதவீதம், போட்ட முதல் திரும்பிய பிறகு 6 சதவீதம்.

வசனகர்த்தாக்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாட்டு தனியாக வானொலியிலோ கச்சேரியிலோ ஒலித்தால் பணம் இசைக்கும் வரிகளுக்கும்தான், வசனத்துக்கு ஒன்றும் கிடையாது. முழு நாடகமாக மேடையேறினால்தான் வசனத்துக்கு வருமானம். அந்த மேடை உரிமையை, பாட்டு ஒலிப்பதற்குக் கட்டணம் வசூலிக்கும் சங்கங்கள் தருவதில்லை, தனியாகத்தான் கொடுக்க வேண்டும். இரண்டும் நீங்களே எழுதுவதால் ஒப்பந்தத்தில் ‘எழுத்தாளர்’ என்று மொத்தமாகப் போடாமல் ‘வசனம்’, ‘பாடல்’ என்று இரண்டு வரியாகப் போடுங்கள். நாளைக்கு இரண்டு பாட்டு எழுத வேறு யாராவது உள்ளே வந்தால் உங்கள் வசனப் பங்கு குறையாது.