காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் பழைய ஜெர்மன் செடான்

கேள்வி: அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பை தாங்குவது) உள்ள 2012 மாடல் ஜெர்மன் செடான், 92,000 கிலோமீட்டர் ஓடியது, கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி நாலு மாதம் ஆகிறது. ராத்திரி சமமாக நிற்கிறது, காலையில் பார்த்தால் முன் இடது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்தால் உறுமிக்கொண்டே மெதுவாக எழுகிறது. பட்டறையில் அதற்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் 1: அவசரப்படாதீர்கள் தம்பி. வண்டியைத் தூக்குகிறதே, அப்படியானால் கம்ப்ரசர் இன்னும் வேலை செய்கிறது. ஒரே மூலை மட்டும் இறங்கினால் பெரும்பாலும் அந்த மூலையின் ஏர் ஸ்பிரிங்கிலோ (காற்றுப் பை) அதற்குப் போகும் குழாயிலோதான் கசிவு. சோப்புத் தண்ணீரை ரப்பர் மடிப்பில் அடித்துப் பாருங்கள், என் வண்டியில் மேல் இணைப்புக்குப் பக்கத்தில் கடுகளவு குமிழி ஒவ்வொன்றாக வந்தது. கசிவை அடைக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் ஓயாமல் ஓடி, சூடேறிப் போய்விடும். ஸ்டாண்ட் வைத்து வண்டியைத் தாங்காமல் அடியில் கை விடவே கூடாது.

பதில் 2: அண்ணா சொன்னதுதான் சரி. அப்புறம், கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்பார்கள், நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் (ZF) நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் இருக்கும் கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரம் போகும்.

கேட்டவர்: குமிழி வந்துவிட்டது அண்ணா, குழாய் நட்டுக்குப் பக்கத்தில்! கம்ப்ரசரை இப்போதைக்குத் தொடவில்லை. ரொம்ப நன்றி.